ஒரு முழம் ஓடிய விமானம்

போன மாதம் மனைவியின் கண் பரிசோதனைக்காக மேற்கே ஒரு பெரிய ஊருக்குப் போயிருந்தோம். கண்ணில் மருந்து விட்ட நர்ஸ் பெண், "ரெண்டு மணி நேரம் ஆகும் சார், நீங்க வெளியில போய் ஏதாவது சாப்பிட்டு வாங்க" என்றார். மூடின கண்ணோடு என் மனைவி, "எண்ணெயில பொரிச்சது எதையும் தின்னுடாதீங்க" என்றாள். கண்ணை மூடிக்கொண்டும் என்னைக் கண்காணிக்க அவளால் முடியும். எதிர்ச் சாரியில் ஒரு அருங்காட்சியகம் தெரிந்தது. பொரித்தது எதுவும் அங்கே கிடைக்காது, நிழலும் இருக்கும் என்று உள்ளே நுழைந்தேன்.

புல்வெளியில் அது நின்றுகொண்டிருந்தது. விமானப்படையின் பழைய பயிற்சி ஜெட், கிரண் வகை. சின்ன விமானம்தான். கற்றுக்கொடுப்பவரும் கற்றுக்கொள்பவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற மாதிரி இரண்டு இருக்கை, மேலே கண்ணாடி மூடி. வெள்ளை உடம்புக்குப் புதிதாக வண்ணம் அடித்து, மூன்று சக்கரங்களையும் சிமெண்டில் இறுக்கி, சுற்றிலும் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று பலகை வைத்திருந்தார்கள். வாலில் இருந்த எண்ணைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. வீட்டு டெலிபோன் எண்ணை நான் மறப்பேன். எட்டு நாள் காலையும் மாலையும் பதிவேட்டில் எழுதிய எண்ணை எப்படி மறப்பேன்? கயிற்றைத் தாண்டிப் போய்க் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன்.

"சார், சார், இந்தப் பக்கம் வாங்க" என்று காவலாளி ஓடிவந்தார்.

"தம்பி, நான் இதுல போயிருக்கேன்."

அவர் என் வயிற்றையும் செருப்பையும் பார்த்தார். "பைலட்டா சார் நீங்க?"

"இல்ல. கிளீனர்."

பெரியவருக்கு ஏதோ கோளாறு என்று முடிவுசெய்து, அன்பாகவே கையைப் பிடித்துக் கயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து விட்டார். அவரிடம் விளக்கிச் சொல்ல நேரமில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

வெயிலில் காய்ந்த டயரின் ரப்பர் வாசனை இருக்கிறதே, அது எனக்கு மட்டும் தனியாக வராது. கூடவே வெட்டின புளியமரத்தின் பச்சை வாசனையும் வரும். எண்பதுகளின் பிற்பகுதி அது. எனக்கு இருபத்து நான்கு வயது. திருக்கோவிலூர்ப் பக்கம் எங்களுடையது வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். அப்பா கொஞ்சம் கரும்பும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையும் போடுகிற விவசாயி. குடும்பத்தில் முதல் அரசாங்க உத்தியோகம் என்னுடையது. கிராம நிர்வாக அலுவலர். எலவனாசூர்கோட்டைக்கு மேற்கே, சேலம் போகிற பெருஞ்சாலையின் ஓரத்தில் இருந்த ஒரு ஊரில் போட்டார்கள். ஊர் பெயர் வேண்டாம். தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், படித்துவிட்டுப் போன் செய்து திருத்தம் சொல்வார்கள்.

மணியக்காரர் பதவியை அரசாங்கம் ஒழித்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஊர் ஒழிக்கவில்லை. மீசை சரியாக முளைக்காத என்னை ஐம்பது வயதுக்காரர்கள் "மணியக்காரரே" என்று கூப்பிட்டார்கள். முதல் இரண்டு வாரம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை நிரந்தரமாகாத தகுதிகாண் பருவம் வேறு. ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியிருந்தேன். பயிர்க் கணக்கு எழுதும்போது ஒருவருடைய கிணற்றைப் பக்கத்து நிலத்துக்காரர் பெயரில் எழுதிவிட்டேன். கிணற்றுக்காரர் நேராகத் தாசில்தாரிடமே போய், "ஐயா, என் கெணத்த மணியக்காரரு நகத்திட்டாருங்க" என்று மனு கொடுத்துவிட்டார். இன்னொரு மெமோ வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் அப்பா, என் உத்தியோகத்தைப் பற்றி மாதா கோயில் வாசலில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி முடித்திருந்தார்.

அந்தப் புரட்டாசியில்தான் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். எங்கள் மாவட்டம் முழுக்கச் சாலையோர மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். சின்னப் பாலங்களை இடித்தார்கள். போலீஸ் வந்தது, உயிர்களும் போயின. சிரிக்க முடியாத காரியங்கள் அந்த வாரத்தில் நிறைய நடந்தன. அவற்றை நான் மறந்துவிட்டதாக நீங்கள் நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்லிவைக்கிறேன்.

பெருஞ்சாலைப் புளியமரம் ஒவ்வொன்றுக்கும் அடியில் வெள்ளையடித்துக் கறுப்பில் எண் போட்டிருப்பார்கள். விழுந்த மரங்களின் எண்களைக் குறித்து அனுப்பு என்று எனக்கு உத்தரவு வந்தது. எண் இருக்கிற பக்கம் மண்ணைப் பார்த்துக் கிடந்தால் புரட்டிப் பார்க்க ஆள் வேண்டுமே. ஊர் ஆண்களில் பாதிப் பேர் போலீசுக்குப் பயந்து கரும்புத் தோட்டத்துக்குள் இருந்தார்கள். மீதிப் பாதி மேற்கே நீலமாகத் தெரிகிற கல்வராயன் மலையில், உறவுக்காரர் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. நான் தனியாளாகப் படுத்துக் கிடந்த புளியமரங்களுக்கு அடியில் தலையை விட்டு எண் தேடிக்கொண்டிருந்தேன். அப்படித் தேடிக்கொண்டு போனபோதுதான், கடைசி மரத்துக்கும் இடிந்த பாலத்துக்கும் நடுவில், நீளமான ட்ரெய்லர் லாரிமேல் ஒரு ஏரோப்ளேன் நிற்பதைப் பார்த்தேன்.

சென்னைப் பக்கத்திலிருந்து அருங்காட்சியகத்துக்குப் போய்க்கொண்டிருந்த விமானம். எஞ்சினை எடுத்துவிட்டார்கள். இறக்கைகளைக் கழற்றிப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். உடம்பு மட்டும் தன் மூன்று சக்கரத்தில், முன்னும் பின்னும் கட்டை வைத்து, சங்கிலி போட்டு நின்றது. மறியல் தொடங்கிய காலையில் முன்னே போகவும் வழியில்லாமல் பின்னே வரவும் வழியில்லாமல் மாட்டிக்கொண்டது. முதல் நாள், மறியல்காரர்கள்மேல் குண்டு போட அரசாங்கம் அனுப்பியது என்று பேசிக்கொண்டார்கள். இரண்டாம் நாள், குண்டு போட வந்ததை எங்கள் ஊர்க்காரர்கள் இறக்கி, இறக்கையை ஒடித்துக் கட்டிப்போட்டுவிட்டார்கள் என்று தியாகதுருகம் வரைக்கும் பேச்சு. எங்கள் ஊர்க்காரர்கள் அதை மறுக்கவே இல்லை.

மறியல் முடிந்ததும் பஸ்களும் கார்களும் வயல் ஓரமாக மண் பாதை போட்டுக்கொண்டு போயின. ட்ரெய்லரை அதில் இறக்க முடியாது. பாலம் சரியாகும்வரை அங்கேயேதான். தாசில்தார் ஜீப்பில் வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பகல்ல நீ பாத்துக்க. ராத்திரிக்கு ஒரு கான்ஸ்டபிள் வருவாரு. ராணுவச் சொத்துய்யா. ஒரு ஆணி கொறஞ்சாலும், ஒரு அங்குலம் நகந்தாலும் உன் வேல போச்சு. கெணத்தையே நகத்தினவன் நீ. பயமா இருக்கு எனக்கு."

அவருக்கே பயம் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு நாற்காலி வாங்கி விமானத்துக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தேன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, எண் எழுதி, 'விமானம் உள்ளது' என்று பதிவேட்டில் எழுதினேன். வேறு என்ன எழுதுவது?

விமானத்தோடு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் விமானப்படை சார்ஜண்ட் தேவராஜ், வேலூர்க்காரர். பணி ஓய்வுக்கு நான்கு மாதம் இருந்தது. காலையில் பல் விளக்கும் முன்பே ஈரத் துணியால் விமானத்தின் கண்ணாடி மூடியைத் துடைப்பார். பதினாறு வருடமாக அந்த விமானத்துக்கு மெக்கானிக். "நீங்க இதுல எவ்ளோ தூரம் போயிருக்கீங்க சார்?" என்று ஒருநாள் கேட்டேன். "நானா? ஒரு அடி போனதில்லப்பா. தொடச்சி, பூட்டி, கையாட்டி மேல அனுப்புவேன். எறங்கி வந்தா மறுபடி தொடப்பேன். மெக்கானிக்க எவன் ஏத்தினு போவான்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பேச்சை மாற்றினேன்.

இன்னொருவர் டிரைவர் மாரப்பன். சங்ககிரிக்காரர். லாரிக்கு அடியிலேயே ஸ்டவ் வைத்து அவர் செய்கிற பருப்புக் குழம்பு இருக்கிறதே, அதற்காகவே பாலம் இன்னும் ஒரு வாரம் கழித்துச் சரியானால் தேவலை என்று நான் நினைத்ததுண்டு. அரசாங்கத்துக்கு விரோதமான எண்ணம்தான்.

டீக்கு அஞ்சலையக்கா கடை. சாலையோரக் கீற்றுக் கொட்டகை. நாற்பது வயதிருக்கும், புருஷன் மலையில் ஒளிந்திருந்தார், கடையையும் ஊரையும் சேர்த்து அக்காதான் அதட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கடையில் ஊர்க்காரர்களுக்கு மேசைமேல் கண்ணாடி கிளாஸ். காலனிக்காரர்களுக்கு வெளியே கம்பத்து ஆணியில் மாட்டிய அலுமினியக் குவளை. குடித்துவிட்டு அவர்களே கழுவி மாட்ட வேண்டும். நான் முதன்முதலாகப் போன நாளில் எனக்கு எதில் தருவது என்று அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். வேதக்காரப் பிள்ளை, எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு என் கக்கத்திலிருந்த பதிவேட்டைப் பார்த்துக் கண்ணாடி கிளாஸை எடுத்தார். அவர் யோசித்தது எனக்கு வலித்தது. கிளாஸை நான் மறுக்கவும் இல்லை. டீயும் நன்றாகத்தான் இருந்தது.

மறியலுக்குப் பிறகு ஊருக்கும் காலனிக்கும் அந்த அலுமினியக் குவளைத் தொடர்பும் அறுந்துபோயிருந்தது. காலனி ஆட்கள் கடைப் பக்கமே வருவதில்லை. ஊர் நிலத்தில் வேலைக்கும் போவதில்லை. கூப்பிடுவாரும் இல்லை. கரும்பு லோடு ஏற்றுகிற ஏழுமலையின் ஆட்கள் மட்டும் கச்சிராயபாளையம் பக்கம் வேலைக்குப் போக, சாலைக்கு அந்தப் பக்கம் தப்பி நின்ற ஒரே புளியமரத்தடியில் வண்டிக்காகக் காத்திருப்பார்கள். இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் அவர்கள், நடுவில் ஏரோப்ளேன். இரண்டு பக்கமும் அதைப் பார்ப்பதுபோல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருந்தார்கள்.

பாலம் முடிந்த நாள் ஆயுத பூஜை. காலை பதினொரு மணிக்குத் தாசில்தார் வருவார், அதற்குள் ட்ரெய்லர் பாலத்தைத் தாண்டியிருக்க வேண்டும் என்று உத்தரவு. புதுப் பாலத்தை முதலில் கடக்க நான்கு பஸ்கள் ட்ரெய்லருக்குப் பின்னால் வந்து நின்று, விடிந்ததிலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. மாரப்பன் எதற்கும் அசையவில்லை. லாரியைக் கழுவி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினார். பூசணிக்காய் வாங்கிவந்தது நான். எங்கள் பங்குச் சாமியாருக்கு இது தெரியாது, சொல்லிவிடாதீர்கள்.

அஞ்சலையக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். "ஏங்க, மேல நிக்கறத மட்டும் வுட்டுட்டீங்க? அதுக்கும் சக்கரம் கீதில்ல? அது இன்னா பாவம் பண்ணுச்சி?"

சொல்லிவிட்டு, நாங்கள் பதில் யோசிப்பதற்குள் சேலையைச் செருகிக்கொண்டு மேலே ஏறிவிட்டார். விமானத்தின் மூக்குக்குச் சந்தனம், குங்குமம். முன் கட்டைகளைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, மூன்று சக்கரத்துக்கும் முன்னால் மூன்று எலுமிச்சம்பழம். கற்பூரத்தை மட்டும் சார்ஜண்ட் தடுத்தார். எல்லாருக்கும் திருப்தி. மாரப்பன் வண்டியில் ஏறி, ஸ்டார்ட் செய்து, ஒரு சுற்று உருட்டினார். லாரிச் சக்கரத்துப் பழங்கள் நசுங்கின. நான் நாற்காலியை மடக்கினேன்.

லாரி நின்றது. மாரப்பன் இறங்கி வந்து மேலே எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"போச்சுங்க. மேல மூணு பழமும் அப்படியே முழுசா நிக்குதுங்க."

"அதுக்கு இன்னாப்பா?" என்றார் சார்ஜண்ட்.

"ஏனுங் சார், சக்கரத்துக்கு வச்ச பழம் அந்தச் சக்கரத்துலதான் நசுங்கோணும். நசுங்காத பழத்தோட வண்டி எடுத்தா ஊர் போய்ச் சேர மாட்டேனுங்க. ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க எனக்கு."

எடுத்துவிடலாமே என்றேன். வைத்ததை எடுப்பது இன்னும் மோசமாம். சார்ஜண்ட் பெட்டியைத் திறந்து ஒரு சுத்தியலை எடுத்தார், மூன்றையும் நானே நசுக்குகிறேன் என்று. மாரப்பன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "சுத்தியல்ல அடிச்சா அது சர்பத்துங்க." பஸ்களிலிருந்து இறங்கி வந்த நான்கு டிரைவர்களும் ஒருமிக்க அவர் பக்கம் நின்றார்கள். அவர்களுக்கும் அதுதான் சட்டம். நசுங்காத பழத்துக்குப் பின்னால் பாலத்தில் ஏற அவர்களும் தயாராக இல்லை.

வழி ஒன்றுதான். சங்கிலியை அவிழ்த்து, முன் கட்டையை எடுத்து, விமானத்தைத் தள்ள வேண்டும். ஒரு முழம் போனால் போதும். மூக்குக்கு முன்னால் லாரியின் கேபின் வரைக்கும் ஒன்றரை முழம்தான் இடம். தள்ளியது கொஞ்சம் அதிகமானால் மூக்கு நொறுங்கும். மணி பத்தேகால். தாசில்தார் வரும்போது லாரி இங்கேயே நின்றால் என் வேலை போச்சு. சங்கிலி அவிழ்ந்திருக்கும்போது வந்துவிட்டாலும் போச்சு. மூக்கு நொறுங்கினால் கேட்கவே வேண்டாம். கதாநாயகன் மாதிரி அப்போது நான் ஏதோ முடிவெடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் நான் சார்ஜண்டைப் பார்த்தேன். அவர் முடியவே முடியாது, ரூலில் இடமில்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மாரப்பன்தான் அவரிடம் பணிவாகச் சொன்னார். "ஓட்டறவரு சீட்டுல உக்காரோணுங்க. ஆளில்லாத வண்டி பழம் ஏறக்கூடாது. உங்கள விட்டா வேற யாருக்குங்க அது ஓட்டத் தெரியும்?"

சார்ஜண்ட் தலையாட்டுவதை நிறுத்தினார். கண்ணாடி மூடியைப் பார்த்தார். பதினாறு வருடம் வெளியிலிருந்து துடைத்த மூடி. "ஒரு மொழந்தானே" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு, எனக்குப் பக்கத்து சீட்டைக் காட்டி மாரப்பன் சேர்த்துக்கொண்டார்: "கிளீனர் சீட்டும் காலியா போகக்கூடாதுங்க. மணியக்காரரு ஏறிக்கட்டும்."

சங்கிலியை அவிழ்த்துவிட்டு நாங்கள் இருவரும் உள்ளே ஏறி உட்கார்ந்தோம். கரும்புத் தோட்டத்திலிருந்து திரும்பியிருந்த ஊர் ஆட்கள் ஏழெட்டுப் பேர் மேலே ஏறித் தள்ளினார்கள். அசையவில்லை. இரண்டு வாரம் ஒரே இடத்தில் நின்ற டயர் அமுங்கிப்போயிருந்தது. ஒரு பக்கம் பலம் அதிகமாகி வால்தான் கொஞ்சம் முறுக்கிக்கொண்டது. சார்ஜண்ட் உள்ளேயிருந்து அலறினார். "வால்ல கை வெக்காத! தகரம்டா அது!"

சாலைக்கு அந்தப் பக்கம் ஏழுமலையும் அவர் ஆட்களும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேற்றில் இறங்கிய கரும்பு வண்டியை லோடோடு தூக்கித் தள்ளுகிறவர்கள் அவர்கள். அது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. கூப்பிட வேண்டியவன் நான். மேலே உட்கார்ந்துகொண்டு மணியைப் பார்த்தேன்.

அஞ்சலையக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. பழம் வைத்தவர் அவர்தானே. "ஏ ஏழுமல! இன்னா, சினிமாவா காட்றாங்க இங்க? ஆளுங்கள இட்டுக்கினு வா."

ஏழுமலை மெதுவாகச் சாலையைக் கடந்து வந்தார். ஊர் ஆட்களைப் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தள்றோம் மணியக்காரரே. ஆனா நாங்க சொல்றா மாரி நிக்கணும். இந்தப் பக்கம் அவங்க, அந்தப் பக்கம் நாங்கன்னு நின்னா எங்க பக்கம் ஜாஸ்தியா ஓடி மூக்கு திரும்பிக்கும். ஒருத்தர வுட்டு ஒருத்தரு கலந்து நிக்கணும். முடியுமான்னு கேட்டுச் சொல்லுங்க."

ஹாரன்கூட நின்றுவிட்டது. தெற்குத் தெரு கோவிந்தசாமி, கொஞ்சம் முரட்டு ஆள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நேரமாவுதுப்பா, நின்னுத் தொலைங்க" என்று சொல்லி இரண்டடி தள்ளி நின்றார். அந்த இடைவெளியில் ஏழுமலையின் தம்பி வந்து நின்றான். அப்புறம் மளமளவென்று ஏறினார்கள். எண்ணிப் பழகினவன், எண்ணினேன். இருபத்து மூன்று பேர். கைவைக்கக்கூடிய இடம் கொஞ்சம்தான். இறக்கை கழற்றின அடிக்கட்டை, சக்கரத்தின் கால்கள், அவ்வளவே. தோளோடு தோள் ஒட்டித்தான் நிற்க முடியும். அஞ்சலையக்காவும் ஒரு இடம் பிடித்தார்.

உள்ளே ஒரே வெக்கை. பழைய தோல், பழைய வியர்வை, ரப்பர். முன்னால் வானமும் கல்வராயன் மலையும் தவிர ஒன்றும் தெரியவில்லை. சார்ஜண்ட் முதுகை நிமிர்த்தி, இடுப்பு வாரை மாட்டினார். என்னையும் மாட்டச் சொன்னார். ஒரு முழத்துக்கு எதற்கு வார் என்று கேட்க நினைத்தேன், அவர் முகத்தைப் பார்த்து வாரை மாட்டினேன். எஞ்சின் இல்லாத விமானத்தில் ஏதேதோ விசைகளை வரிசையாகத் தட்டினார். ஒரு கையைக் கட்டைவிரல் உயர்த்தி வெளியே காட்டினார். அத்தனை வருடம் அவர் கீழே நின்று பார்த்த சைகை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஏழுமலை கரும்பு வண்டிக்குச் சொல்கிற பாட்டை எடுத்தார். இரண்டாவது இழுப்பில் எல்லாக் குரலும் சேர்ந்தது. மூன்றாவதில் விமானம் அசைந்தது. பின் சக்கரங்கள் பழத்தில் ஏறின. முன் சக்கரத்துப் பழம் மட்டும் உருண்டு விலகிக்கொண்டது. அஞ்சலையக்கா பாய்ந்து அதைக் காலால் தள்ளி வைத்தார், "இன்னும் ஒருக்கா!" என்று கத்தினார். இன்னொரு தள்ளு. பழம் நசுங்கியது, விமானம் நிற்கவில்லை. கேபினின் பின்பக்கம் எங்களை நோக்கி வந்ததைப் பார்த்து நான் "ஏசுவே" என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஏழுமலை சக்கரத்துக்கு முன் கட்டையைப் போட்டார். நின்றது. மூக்குக்கும் கேபினுக்கும் நடுவில் ஒரு சாண்.

எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள் பாருங்கள், பஸ்ஸில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சார்ஜண்ட் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "நல்ல லேண்டிங்" என்றார்.

சங்கிலியை மாட்டினோம். மாரப்பன் பூசணிக்காயை உடைத்தார். அக்கா எல்லாருக்கும் டீ போட்டார். இருபத்து மூன்று பேர், பஸ் டிரைவர்கள், நாங்கள். கொட்டகையில் கூட்டம். எந்த கிளாஸ் யார் கைக்குப் போகிறது என்று பார்க்க நேரமில்லை. கோவிந்தசாமி கையில் அலுமினியக் குவளை இருந்தது. ஏழுமலை கையில் கண்ணாடி. அக்கா பார்த்தார், அடுத்த டீயை ஆற்றினார். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வேலை தப்பித்த சந்தோஷம் பாதி, மற்றது பாதி.

லாரியின் வால் பாலத்தைத் தாண்டும்போது தாசில்தார் ஜீப் வந்தது. விமானத்தின் மூக்கிலிருந்த சந்தனத்தை அவர் பார்த்துவிட்டார்.

"ஏன்யா, அதுக்கு யாரு பொட்டு வச்சது? எதையாவது தொட்டீங்களா? நகத்தினீங்களா?"

"இல்லிங்க ஐயா."

"எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். அங்கேயே, ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து. 'மேற்படி விமானம் எனது பொறுப்பில் இருந்த காலத்தில் எவராலும் தொடப்படவோ நகர்த்தப்படவோ இல்லை.' கையெழுத்து, முத்திரை. முத்திரை என்றுமில்லாமல் நேராக விழுந்தது. கொட்டகையிலிருந்து சிலர் ஜீப்புக்கு அருகே வந்திருந்தார்கள். படிக்கத் தெரிந்த யாரோ எட்டிப் பார்த்திருப்பார்கள். தலையை நிமிர்த்தி ஏழுமலையைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மறுநாள் காலை டீ குடிக்கப் போனேன். அலுமினியக் குவளைகள் கழுவிக் கம்பத்து ஆணியில் மாட்டியிருந்தன.

வேலை நிரந்தரமானது. முப்பது சொச்சம் வருடம் ஓட்டி ஓய்வும் பெற்றேன். சேர்ந்துவிட்டோம் என்று சார்ஜண்டிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது, அதோடு சரி. அந்தச் சாலை இப்போது இல்லை. நான்கு வழிச் சாலை ஊரை ஒதுக்கிக்கொண்டு மேலே போகிறது. மறியலில் தப்பிய புளியமரமும் அதில் போயிற்று. அஞ்சலையக்கா கடை இருந்த இடத்தில் மேம்பாலத் தூண் நிற்கிறது. காகிதக் கப் வந்து அந்த அலுமினியக் குவளைகள் ஒழிந்தன. அது போனதில் எனக்குத் துளி வருத்தம் இல்லை. ஏழுமலை போய்ச் சேர்ந்துவிட்டார் என்று இரண்டு வருடம் முன்பு கேள்விப்பட்டேன்.

நான் எழுதிய தாள் தாலுகா அலுவலகத்தில் எங்கேயாவது கட்டுக்குள் இருக்கும், அல்லது கரையான் தின்றிருக்கும். இருந்தாலும் அதில் அவர்கள் இல்லை. அருங்காட்சியகப் பலகையிலும் இல்லை. எனவே இதை இங்கே திருத்தி எழுதிவிடுகிறேன். விமானம் நகர்ந்தது. ஒரு முழம். தள்ளியவர்கள்: ஏழுமலை, அவர் தம்பி சின்னப்பையன், கலியன், மண்ணாங்கட்டி, தெற்குத் தெரு கோவிந்தசாமி, பஞ்சர் கடை முனுசாமி, ராசாங்கம், அஞ்சலை. இதற்கு மேல் வரவில்லை. இரண்டு நாளாக உட்கார்ந்து யோசிக்கிறேன், முகம் வருகிறது, பெயர் வரவில்லை. அந்த ஊரில் யாருக்கு என்ன பெயர் என்று எழுதிவைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.